முதல் ஈடு எது? நாவல்களின் முதல் பதிப்பை அடையாளம் காணும் விதம்

பழைய புத்தகம் வாங்கும் பழக்கம் எனக்கு உண்டு என்று தெரிந்தவர்கள் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார்கள். பழுப்பேறிய ஒரு பக்கம், அதில் ஓர் ஆண்டு. கூடவே ஒரு கேள்வி: “1960னு போட்டிருக்கு. அப்ப இது ஃபர்ஸ்ட் எடிஷன்தானே? எவ்வளவு போகும்?”

இதுவரை ஒருவருக்குக்கூட ‘ஆமாம்’ என்று சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் ஏமாளிகள் என்பதல்ல காரணம். ‘முதல் பதிப்பு’ என்ற சொல்லை ஆளாளுக்கு ஒரு பொருளில் புழங்குகிறோம். பதிப்பாளருக்கு அது ஒன்று, சட்டத்துக்கு ஒன்று, சேகரிப்பவருக்கு வேறொன்று. பழைய புத்தகக் கடைக்காரருக்கோ அது விலையைக் கூட்டிச் சொல்ல ஒரு வழி. சேகரிப்பவர் எந்தப் பொருளில் சொல்கிறார், கையில் இருக்கும் புத்தகம் அதுதானா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். உதாரணங்கள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவல்கள். இந்தச் சேகரிப்புச் சந்தை வளர்ந்தது லண்டனிலும் நியூயார்க்கிலும்தான்.

## மாவு ஒன்று, ஈடு பல

இட்லிக்கு மாவு தயாராக இருக்கிறது. முதல் ஈடு ஊற்றி எடுக்கிறோம். பிள்ளைகள் எழுந்து வந்ததும் இரண்டாம் ஈடு. மாடி வீட்டு மாமா வந்துவிட்டால் மூன்றாம் ஈடு. மூன்றும் ஒரே மாவுதான், ஆனால் ஒரே ஈடு இல்லை. மாவு தீர்ந்து, மறுநாள் வேறு அரிசி போட்டு அரைத்தால் அது வேறு மாவு.

புத்தகத்திலும் இப்படித்தான். ஒரு நாவலுக்காகக் கோத்த எழுத்துகள் பெரிதாக மாறாமல் இருக்கும்வரை, அதைக் கொண்டு எத்தனை முறை அடித்தாலும் எல்லாம் ஒரே பதிப்பு. அது மாவு. இயந்திரம் ஒரு தடவை ஓடி இறக்கும் படிகளின் கூட்டம் ஓர் அச்சு. அது ஈடு. சேகரிப்பவர் ‘முதல் பதிப்பு’ என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது முதல் மாவின் முதல் ஈடு, அதாவது முதல் பதிப்பின் முதல் அச்சு. அதே மாவின் பதினேழாவது ஈடும் இலக்கணப்படி முதல் பதிப்புதான். ஆனால் அதற்கு அவர் டீக்காசுகூடத் தர மாட்டார்.

நிஜ உதாரணம் ஒன்று. டோல்கீனின் ‘த ஹாபிட்’ 1937 செப்டம்பரில் லண்டனில் ஜார்ஜ் ஆலன் அண்டு அன்வின் வெளியீடாக வந்தது. முதல் அச்சு 1,500 படிகள். கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துபோய், டிசம்பரிலேயே இரண்டாம் அச்சு வந்தது. அதில் டோல்கீன் வரைந்த வண்ணப் படங்களைச் சேர்த்தார்கள். முதல் அச்சில் அவை கிடையாது. ஆக, படம் கூடுதலாக இருக்கிற அழகான புத்தகம்தான் இங்கே விலை குறைந்தது!

அப்புறம் 1951இல் கதையே கொஞ்சம் மாறியது. கோல்லம் என்ற அந்தக் குகைப் பிராணி முதல் வடிவத்தில் விடுகதைப் போட்டிக்குத் தன் மோதிரத்தையே பரிசாக வைக்கும். அடுத்து எழுதிய பெருங்கதைக்கு அது ஒத்துவராததால், டோல்கீன் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். அதுதான் உண்மையான இரண்டாம் பதிப்பு, அதாவது புது மாவு. இடையில் வந்தவை எல்லாம் முதல் மாவின் அடுத்தடுத்த ஈடுகள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பதிப்பு என்பது எழுத்துக் கோப்பு, அச்சு என்பது ஒரு தடவை இயந்திரம் ஓடுவது. சேகரிப்பவர் தேடுவது முதலாவதின் முதலாவதை.

## ஆண்டு மட்டும் ஏன் போதாது

தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் அதன் முதுகில் சிறிய எழுத்தில் உரிமை, ஆண்டு, முகவரி எல்லாம் இருக்கும். அதைக் காப்புரிமைப் பக்கம் என்போம். வாட்ஸ்அப்பில் எனக்கு வருவது இந்தப் பக்கம்தான். அதில் இருக்கும் ஆண்டு, அந்த எழுத்துக்கு உரிமை எப்போது தொடங்கியது என்று மட்டுமே சொல்கிறது. கையில் உள்ள தாள் எந்த நாளில் இயந்திரத்துக்குள் போனது என்பதை அது சொல்லாது. நேற்று விமான நிலையக் கடையில் வாங்கிய படியிலும் 1960 இருக்கும். ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதி, அந்த அட்டை அச்சான தேதி இல்லையே.

ஆண்டு பொருந்தினாலும் ஆபத்து உண்டு. ஜேம்ஸ் பாண்டின் முதல் நாவலான ‘கேசினோ ராயல்’ 1953 ஏப்ரலில் வந்தது. முதல் அச்சு 4,728 படிகள். அதே ஆண்டிலேயே இரண்டாம் அச்சும் வந்துவிட்டது. ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ 1960 ஜூலையில் வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் பல முறை அச்சானது. ஆக, 1960இல் நிஜமாகவே அச்சான ஒரு படியை வைத்திருப்பவரிடம்கூட முதல் ஈடு இல்லாமல் போகலாம்.

சரி, காப்புரிமைப் பக்கத்தில் வேறு என்ன பார்ப்பது? இங்கிலாந்துப் பதிப்பகங்களில் பழைய வழக்கம் எளிமையானது. ‘முதலில் வெளியிடப்பட்டது 1953’ என்று ஒரு வரி போடுவார்கள். இரண்டாம் அச்சு வரும்போது அதன் கீழே ‘இரண்டாம் அச்சு’ என்று இன்னொரு வரி சேரும். அதற்கும் கீழே மூன்றாம் அச்சு. முதல் வரி மட்டும் தனியாக நின்றால் மகிழ்ச்சி. கீழே வால் நீண்டிருந்தால் கடைசி வரிதான் உங்கள் புத்தகத்தின் வயது. பலர் முதல் வரியைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வழக்கம் வேறு. சிலர் ‘முதல் பதிப்பு’ என்று வெளிப்படையாகவே போட்டார்கள். ‘மாக்கிங்பேர்ட்’ வெளியிட்ட லிப்பின்காட் அப்படி. ஹார்ப்பர் நிறுவனம் ஒரு காலத்தில் மாதத்துக்கு ஓர் எழுத்து, ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று ரகசியக் குறி போல அச்சடித்தது. ஹெமிங்வேயின் பதிப்பாளரான ஸ்கிரிப்னர்ஸ், 1930க்குப் பிறகு முதல் அச்சில் ‘ஏ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை வைத்தது. 1952இல் வந்த ‘த ஓல்டு மேன் அண்ட் த சீ’ நாவலை யாராவது நீட்டினால், காப்புரிமைப் பக்கத்தில் முதலில் தேடவேண்டியது அந்த ஒற்றை எழுத்தைத்தான். இந்த வழக்கங்களைப் பதிப்பகவாரியாகத் தொகுத்த கையேடுகள் இருக்கின்றன. மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

## நாள் கிழிக்கும் காலண்டர்

கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்த புத்தகங்களில் பெரும்பாலும் இதைப் பார்த்திருப்பீர்கள். காப்புரிமைப் பக்கத்தின் அடியில், ஏன் இருக்கிறது என்றே தெரியாத ஒரு வரி:

10 9 8 7 6 5 4 3 2 1

இதுதான் எண் வரிசை. அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் அச்சின் எண். 1 இருந்தால் முதல் அச்சு. 1 போய் 2இல் முடிந்தால் இரண்டாம் அச்சு. 10 9 8 7 என்று மட்டும் மிச்சமிருந்தால் அது ஏழாவது.

ஏன் இப்படித் தலைகீழாக யோசித்தார்கள்? அச்சுக்கூடத்தில் நின்று பார்த்தால் புரியும். பக்கம் ஃபிலிமாகவோ தகடாகவோ தயாராகிவிட்டது. அதில் புதிதாக ஓர் எழுத்தைச் சேர்க்கவேண்டும் என்றால் கோத்து, ஒட்டி, மறுபடி தகடு எடுக்கவேண்டும். செலவு, நேரம் இரண்டும் ஆகும். ஆனால் இருக்கிற ஒன்றைச் சுரண்டி எடுப்பது ஒரு நிமிட வேலை. அதனால் பத்து எண்களையும் முதலிலேயே போட்டுவைத்து, ஒவ்வொரு அச்சுக்கும் முன்னால் ஓர் எண்ணைச் சுரண்டினார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள் கிழிக்கும் காலண்டர் மாதிரிதான். இன்றைய தேதியை அதில் யாரும் எழுதுவதில்லை. நேற்றைய தாளைக் கிழித்ததால் இன்றைய தேதி தெரிகிறது.

சில பதிப்பகங்கள் 1 3 5 7 9 10 8 6 4 2 என்று கோணலாக அடுக்கும். இதில் சூட்சுமம் ஏதும் இல்லை. ஒற்றை எண்கள் இடப்பக்கமும் இரட்டை எண்கள் வலப்பக்கமும் இருந்தால், இரு ஓரங்களிலும் மாறி மாறி எண்கள் உதிர்ந்தாலும் வரிசை பக்கத்தின் நடுவிலேயே நிற்கும். அழகுணர்ச்சி!

ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதனால் நல்ல புத்தகத்தைக் கைவிட்டிருக்கிறார்கள். ராண்டம் ஹவுஸ் பல ஆண்டுகள் தன் முதல் அச்சில் எண் வரிசையை 2இலிருந்தே தொடங்கியது. 1இன் இடத்தில் ‘முதல் பதிப்பு’ என்ற சொற்கள் இருக்கும். இரண்டாம் அச்சுக்கு எண்ணைத் தொடாமல் அந்தச் சொற்களை மட்டும் நீக்கிவிடுவார்கள். ஆகவே ‘முதல் பதிப்பு’ என்ற சொற்களும் 2இல் தொடங்கும் வரிசையும் சேர்ந்திருந்தால் அது முதல் அச்சு. சொற்கள் இல்லாமல் வரிசை மட்டும் இருந்தால் இரண்டாவது.

சுருக்கமாக: ஆண்டைப் பார்த்து முடிவு செய்யவேண்டாம். அதன் கீழே எந்த வரி சேர்ந்திருக்கிறது, எந்த எண் உதிர்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

## பிழைக்கு ஏன் இத்தனை மரியாதை

இந்த விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். ‘அச்சுப் பிழை இருந்தால் புத்தகத்துக்கு விலை அதிகம்’ என்று பலர் நம்புகிறார்கள். அப்படியென்றால் நம்மில் எத்தனையோ பேர் கோடீஸ்வரர்கள்.

மறுபடி இட்லிக்கு வருவோம். முதல் ஈட்டைச் சாப்பிட்டுப் பார்த்தால் உப்பு குறைவு. மீதி மாவில் உப்பைச் சேர்த்துக் கலக்கி அடுத்த ஈடு ஊற்றுகிறோம். சாயங்காலம் எல்லா இட்லியும் ஒரே பாத்திரத்தில் கலந்து கிடக்கின்றன. எது முதல் ஈடு? உப்புக் குறைந்த இட்லிதான். உப்புக் குறைவுக்காக யாரும் அதை விரும்புவதில்லை. ஆனால் எப்போது வெந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

இப்படி ஓர் அச்சை இன்னோர் அச்சிலிருந்து பிரித்துக் காட்டும் சிறு வேறுபாட்டைச் சேகரிப்பவர்கள் பாயிண்ட் என்பார்கள். முதல் அச்சில் இருந்து பிறகு திருத்தப்பட்டால்தான் பிழை பாயிண்ட் ஆகும். ஐம்பது அச்சிலும் தொடர்ந்து வந்த பிழை வெறும் பிழை.

இதற்குச் சிறந்த பாடம் ‘த கிரேட் கேட்ஸ்பி’. 1925 ஏப்ரல் 10 அன்று ஸ்கிரிப்னர்ஸ் வெளியிட்டது. முதல் அச்சு 20,870 படிகள். ஆகஸ்ட் மாதம் இன்னும் 3,000 அடித்தார்கள். ‘ஏ’ எழுத்து வழக்கம் அப்போது வரவில்லை. ஆண்டும் அதே 1925. ஆகவே உள்ளே போய்ப் படித்தால்தான் விடை. 205ஆம் பக்கத்தில் ஒரு பாத்திரம் பேச்சுவழக்கில் ‘சிக் அண்டு டயர்ட்’ (சலித்துப்போனது) என்பதை ஒன்றாக இழுத்துச் சொல்லும் ‘சிக்கன்டயர்ட்’ என்ற சொல், முதல் அச்சில் ‘சிக் இன் டயர்ட்’ என்று மூன்று துண்டாக, பொருளில்லாமல் விழுந்திருக்கிறது. இரண்டாம் அச்சில் சரியாகிவிட்டது. 60ஆம் பக்கம் இன்னும் சுவாரசியம். தோட்டத்து விருந்தின் சளசளப்பைச் சொல்லும் இடத்தில் முதல் அச்சில் ‘சேட்டர்’ என்று இருக்கும். அதில் பிழை ஏதும் இல்லை. ஆசிரியருக்கு மனம் மாறி அடுத்த அச்சில் ‘எக்கோலேலியா’ என்ற கடினமான சொல்லை வைத்தார். ஆக, பாயிண்ட் என்பது பிழையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை; மாற்றம் நடந்திருந்தால் போதும்.

ஹெமிங்வேயின் ‘த சன் ஆல்ஸோ ரைசஸ்’ நாவலில் 181ஆம் பக்கத்தில் ‘ஸ்டாப்டு’ என்ற சொல்லுக்கு இரண்டு ‘பி’ போதும் என்ற இடத்தில் மூன்று ‘பி’ விழுந்திருக்கும். இதற்காகவே அந்தப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கதை என்ன என்று கேட்டால் யோசிப்பார்கள்.

இப்போது எல்லாரும் கேட்கும் புத்தகம். ‘ஹாரி பாட்டர் அண்டு த ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்’, ப்ளூம்ஸ்பரி, லண்டன், 1997 ஜூன் 26. கெட்டி அட்டையில் வந்த முதல் அச்சு 500 படிகள். அதில் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போனது. கையில் ஒரு படி கிடைத்தால் எங்கே பார்ப்பது? எண் வரிசை 10இலிருந்து 1 வரை முழுதாக இருக்கவேண்டும். காப்புரிமை ‘ஜோன் ரௌலிங்’ என்ற முழுப் பெயரில் இருக்கும்; ஜே. கே. என்ற தலைப்பெழுத்துகள் அந்த வரியில் வந்தது பிற்பாடு. 53ஆம் பக்கத்தில் பள்ளிக்கு வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் ‘1 மந்திரக்கோல்’ என்று முதலில் ஒரு தடவையும் கடைசியில் மறுபடியும் வரும். பின்னட்டையில் புத்தகத்தின் தலைப்பிலேயே ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து ஒன்று விழுந்துபோயிருக்கும். இதில் ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது, நான்கும் சேரவேண்டும். இப்படிச் சேர்ந்த ஒரு நல்ல படி 2021 டிசம்பரில் அமெரிக்க ஏலம் ஒன்றில் 4,71,000 டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி ரூபாய்.

## சட்டைக்குத்தான் விலை

கெட்டி அட்டைப் புத்தகத்தின்மேல் கழற்றி மாட்டும் தாள் இருக்கிறதே, அதைத்தான் மேலுறை என்கிறேன். புத்தகம் போட்டிருக்கும் சட்டை. வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போடுவதற்காகவே செய்தது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள், போட்டும் விட்டார்கள். அதனால்தான் இன்று அதற்கு இந்த விலை. மேலுறை இல்லாத ‘கேட்ஸ்பி’ முதல் அச்சு சில ஆயிரம் டாலரில் கிடைக்கும். நல்ல மேலுறையோடு இருந்தால் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் நாவல் இரண்டிலும் ஒன்றுதான்.

மேலுறைக்கும் தனியாகப் பாயிண்டுகள் உண்டு. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்த பிறகு, மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு கால் விட்டுப்போனது தெரியவரும். மறுபடி அடிக்க நேரம் இருக்காது. வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஐநூறு பத்திரிகையிலும் பேனாவால் திருத்துவோம். ஆலன் அண்டு அன்வின் செய்தது இதையேதான். ‘த ஹாபிட்’ மேலுறையின் பின் மடிப்பில், ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கேரலின் இயற்பெயரான டாட்ஜ்சன் என்பதில் ஆங்கில ‘ஈ’ ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது. அதைக் கையாலேயே அடித்துத் திருத்தினார்கள். ‘கேட்ஸ்பி’ மேலுறையின் பின்பக்கத்திலும் ஜே கேட்ஸ்பியின் ‘ஜே’ சிறிய எழுத்தாக விழுந்து, அதன்மேல் பெரிய எழுத்தாகத் திருத்தம் ஏறியது. அந்தப் பேனாக் கோடுகளை இன்று உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறார்கள்.

‘த கேட்சர் இன் த ரை’ மேலுறையின் பின்பக்கம் முழுக்க அதன் ஆசிரியர் சாலிஞ்சரின் முகம் இருக்கும். அவர் விளம்பரம் பிடிக்காத மனிதர். எடுக்கச் சொன்னார், பின்னால் வந்த அச்சுகளில் எடுத்துவிட்டார்கள். ஆகவே படம் இல்லாத மேலுறை என்றால் தள்ளிவைக்கலாம்.

ஆனால் மேலுறை கழற்றி மாட்டக்கூடிய பொருள் என்பதை மறக்கக்கூடாது. பத்தாம் அச்சின் சட்டையை முதல் அச்சுக்கு மாட்டிவிடலாம். கணினியில் நகலெடுத்துப் புதிதாகவே தைத்துப் போடலாம். பழைய மேலுறையில் முதுகுப் பகுதி வெயில் பட்டு வெளுத்திருக்கும், மடிப்புகள் தேய்ந்து நார் நாராக இருக்கும். எண்பது வயதுச் சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, எல்லாப் புத்தகத்துக்கும் மேலுறை இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. மேலே சொன்ன பாட்டர் முதல் அச்சுக்கு மேலுறையே கிடையாது. படம் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். ‘ஒரிஜினல் மேலுறையுடன்’ என்று யாராவது அதை விற்க வந்தால், ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நகரலாம்.

## கட்டைவிரலில் பட்ட பள்ளம்

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுபதுகளில் வந்த ஓர் அமெரிக்க நாவல் கெட்டி அட்டையில் மேலுறையோடு கிடைத்தது. காப்புரிமைப் பக்கத்தில் ‘முதல் பதிப்பு’ என்று தெளிவாக இருந்தது. மேலுறையின் உள்மடிப்பில் ஒரு மூலையைக் கத்தரித்திருந்தார்கள். பரிசு கொடுக்கிறவர்கள் விலையை வெட்டிவிடுவது எங்கும் உள்ள வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன். பேரம்கூடப் பேசாமல் வாங்கி, ஒரு வாரம் சிரித்துக்கொண்டே திரிந்தேன்.

நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மேலுறையைக் கழற்றி, பின்னட்டையின் கீழ் மூலையைக் கட்டைவிரலால் தடவினார். “இங்க தொட்டுப் பாருங்க சார்.” மை இல்லாமல் அழுத்திய ஒரு சின்னப் பள்ளம், மிளகு அளவுக்கு வட்டமாக.

அது புக் கிளப் படி. சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு மாதாமாதம் மலிவாகப் புத்தகம் அனுப்பும் அமைப்புகள் அமெரிக்காவில் பெரிய அளவில் இருந்தன. புக் ஆஃப் த மந்த் கிளப் 1926இல் தொடங்கியது. பதிப்பகத்தின் அதே தகடுகளைக் கொண்டே இவர்களுக்கும் அடித்ததால், ‘முதல் பதிப்பு’ என்ற சொற்களும் சில சமயம் அப்படியே ஏறிவிடும். மேலுறையில் விலை இருக்காது, தாள் மட்டமாக இருக்கும், எடை குறைவாக இருக்கும், பல படிகளின் பின்னட்டையில் இந்தப் பள்ளம் இருக்கும். கடையில் விற்ற படியின் உள்மடிப்பில் விலை இருந்தாகவேண்டும். என் புத்தகத்தில் மூலையை வெட்டியதன் காரணம் அப்போதுதான் உறைத்தது: வெட்ட அங்கே விலையே இருந்திருக்காது. விலை இல்லை என்பது தெரியக்கூடாது என்பதற்காகவே யாரோ, எந்த ஊரிலோ, என்றோ கத்தரித்திருக்கிறார்கள்.

அந்த நாவல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இரண்டு முறை படித்துவிட்டேன். நல்ல நாவல்.

இதுவரை: சொற்கள், எண், பாயிண்ட், மேலுறை, விலை, பின்னட்டை எல்லாம் ஒரே கதையைச் சொல்லவேண்டும். ஒன்று மாற்றிச் சொன்னாலும், அது ஏன் என்று கேட்காமல் பணம் எடுக்கவேண்டாம்.

## எந்த ஊரில் முதல்?

ஒரே நாவல் இரண்டு நாட்டில் வந்தால் எது முதல்? தேதியில் முந்தியதுதான் என்பது ஒரு கட்சி. ஆசிரியரின் சொந்த நாட்டில் வந்ததைத்தான் தேடுவேன் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. ஆனாலும் சந்தையில் இரண்டுக்கும் ஆள் இருக்கிறது.

நபக்கோவின் ‘லோலிதா’வை அமெரிக்காவில் எடுத்துக்கொள்ள ஆளில்லாமல், 1955இல் பாரிஸில் ஒலிம்பியா பிரஸ் பச்சை நிற மெல்லிய அட்டையில் இரண்டு தொகுதியாகப் போட்டது. பின்னட்டையில் விலை 900 பிராங்க். அமெரிக்கப் பதிப்பு 1958இல்தான் வந்தது. அதை ‘முதல் பதிப்பு’ என்று விற்பவர் சொல்லாமல் விடும் சொல் ‘அமெரிக்க’ என்பது. மெல்லிய அட்டை என்றாலே மறுபதிப்பு என்ற நம் நினைப்பும் இங்கே அடிபடுகிறது. ‘டாக்டர் ஷிவாகோ’வின் கதை இன்னும் விசித்திரம். ரஷ்ய நாவல், சோவியத் நாட்டில் அனுமதி இல்லாததால் 1957இல் மிலானில் இத்தாலிய மொழிபெயர்ப்பாகத்தான் முதலில் வெளிவந்தது.

நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த ஆர். கே. நாராயணின் முதல் நாவல் ‘சுவாமி அண்டு ஃபிரெண்ட்ஸ்’ 1935இல் லண்டனில் ஹாமிஷ் ஹாமில்டன் வெளியீடாக வந்தது. நம் ஊர்ப் பழைய கடைகளில் கண்ணில் படுவது, பிற்பாடு அவரே மைசூரில் நடத்திய இந்தியன் தாட் வெளியீட்டின் மறு அச்சுகள். வாசிக்க அருமையானவை, முதல் பதிப்பு அல்ல.

## முதல் என்பதாலேயே விலை வராது

இதைச் சட்டென்று சொல்லி முடிக்கலாம். பாட்டர் வரிசையின் கடைசி நாவலுக்கு 2007இல் அமெரிக்காவில் முதல் அச்சே 1 கோடியே 20 லட்சம் படிகள். அத்தனையும் அசல் முதல் அச்சுதான். பழைய பேப்பர்காரர் எடைக்குத்தான் எடுப்பார். எத்தனை படிகள் அடித்தார்கள், எத்தனை தப்பின, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்பவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன.

## தமிழில் ‘பதிப்பு’ என்றால்

பழைய தமிழ் நாவலைத் திறந்தால் ‘முதற் பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு’ என்று ஆண்டுகளோடு அடுக்கியிருக்கும். ஒரு வார்த்தைகூட மாற்றியிருக்க மாட்டார்கள். மேலே சொன்ன கணக்குப்படி இவை எல்லாம் அச்சுகள்தானே, ஏன் பதிப்பு என்றார்கள் என்று நானும் குறைப்பட்டுக்கொண்டதுண்டு. பிறகு ஒரு பழைய அச்சுக்கோப்பவரிடம் பேசியபோது விஷயம் வேறு மாதிரி இருந்தது. சிறிய அச்சகங்களில் ஈய எழுத்துகள் அளவாகத்தான் இருக்கும். ஒரு ஃபாரம், அதாவது சேர்ந்தாற்போல் அச்சாகும் சில பக்கங்கள், அடித்து முடித்ததும் கட்டைப் பிரித்து எழுத்துகளைப் பெட்டியில் போட்டால்தான் அடுத்ததைக் கோக்கமுடியும். ஐந்து ஆண்டு கழித்து அதே நாவலை மறுபடி அடிக்க, முதல் எழுத்திலிருந்து கோக்கவேண்டும். மாவை ஒவ்வொரு தடவையும் புதிதாக அரைத்திருக்கிறார்கள்! அப்படிப் பார்த்தால் அந்தக் காலத்து ‘இரண்டாம் பதிப்பு’ கறாரான பொருளிலேயே இரண்டாம் பதிப்புதான். புதிதாகக் கோத்ததால் பழைய பிழைகள் போய்ப் புதுப் பிழைகள் வந்திருக்கும். பாயிண்ட் தேடுகிறவருக்கு வேட்டைதான். இன்று கணினிக் கோப்பு அப்படியே இருக்க, நூறு நூறாக அடித்துவிட்டு ஒவ்வொன்றையும் பதிப்பு என்று எண்ணுவதுதான் கணக்கில் இடிக்கிறது.

அப்புறம், தொடர்கதைகள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் மூன்றரை ஆண்டுகள் ‘கல்கி’யில் மணியத்தின் ஓவியங்களோடு வந்தது. வாராவாரம் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து வீட்டில் பைண்டு செய்து வைத்தார்கள். அச்சில் அந்தக் கதை முதலில் இருந்தது அந்தப் பக்கங்களில்தான். அது பதிப்பே இல்லை. ஆனாலும் தேடுகிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால், தேதி போட்ட ஓரம் பெரும்பாலும் இருக்காது. பைண்டர் கில்லட்டினில் சமமாக வெட்டும்போது அது போயிருக்கும். அப்போது கதையை விட்டுவிட்டு, பக்கத்தின் முதுகில் இருக்கும் விளம்பரத்தைப் படியுங்கள். ‘இந்தத் தீபாவளிக்கு வெளியாகிறது’ என்று ஏதாவது ஒரு சினிமா இருக்கும்.